தீ காயும் அடுப்பு எது என்று கேட்ட மகளுக்கு

மக்களே,

மாப்பிள்ளை மின்னஞ்சலில் அனுப்பிய மூன்று அடுப்புப் படங்களையும் கரமனை பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து, ஒரு வாரத்துக்கும் மேலாகச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடையில் அந்த நாட்டில் காட்டுக்குள் விறகு எரிக்க விடமாட்டார்கள், கேஸில் எரிகிற அடுப்புக்குத்தான் அனுமதி, கூடாரத்துக்கு வெளியே சுற்றி உட்கார்ந்து தீ காய அப்படி ஒன்று வாங்கப் போகிறோம், இத்தனை வருஷம் கேஸ் ஏஜென்சியில் இருந்தவள் நீ, எது நல்லது என்று சொல்லு என்று எழுதியிருந்தாய். அத்தோடு நிறுத்தியிருந்தால் ஃபோனிலேயே பதில் சொல்லியிருப்பேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். "எது வாங்கினாலும் நான் கிட்டே போகப்போவதில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்துகொள்வேன், எனக்கும் கேஸுக்கும் ஆகாது என்று உனக்குத்தான் தெரியுமே" என்று. தெரியும். அது ஏன் என்பதில் உனக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மேஜை மேல் வைக்கிற சின்ன அடுப்பு வேண்டாம். பார்க்க அழகாக இருக்கிறது, விலையும் குறைவாக இருக்கும், ஆனால் அதில் சிலிண்டர் தீக்கு நேர் அடியில் உட்கார்ந்திருக்கிறது. நெட்டைக் கால் வைத்ததும் வேண்டாம், குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாள், பிடித்து இழுத்தால் சாயும். தரையோடு தரையாக, அகலமாக, தட்டுப் போல இருக்கிறதே இரண்டாவது படம், அதை வாங்குங்கள். அதற்கு நீளமான குழாய் இருக்கிறது, சிலிண்டரைத் தீயிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கலாம். சோதித்துப் பார்த்ததற்கான முத்திரை அடுப்பிலும் ரெகுலேட்டரிலும் இருக்கிறதா என்று பார். யாரோ உபயோகித்துக் கழித்த குழாயைச் சும்மா தருகிறார்கள் என்றாலும் வாங்காதே. அங்கே வருவது புரோப்பேன், இங்கே நாம் சமைக்கிறதோடு ஒரே குணம்தான், காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தாழ்ந்த இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் பள்ளத்தில் வைக்காதே. எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதே. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார், ஒரே ஒரு குமிழி வந்தாலும் கழற்றிவிடு. ஒன்றுதானே என்று நினைக்காதே. அப்படி நினைத்தவள்தான் இதை எழுதுகிறேன்.

நீ ஏழாம் வகுப்பு பரீட்சை எழுதி முடித்த வருஷம், மே மாதத்தில் பொன்முடி மலைக்குப் போனோம். உன் அப்பாவின் ஆசை அது. பொதுப்பணி ஆபீஸில் பகல் முழுக்கக் குனிந்து கட்டட வரைபடம் போடுகிற மனுஷர், வருஷத்தில் ஒரு ராத்திரியாவது மலையில் குளிரில் உட்கார்ந்து தீ காய்ந்து, மரச்சீனிக் கிழங்கு சுட்டுத் தின்ன வேண்டும் என்பார். அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக டீ எஸ்டேட்டில் ஆள் இல்லாமல் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸ் இரண்டு நாளைக்குக் கிடைத்தது. முந்தின வருஷம் போனபோது மழையில் விறகெல்லாம் நனைந்து, புகையைத்தான் தின்றோம். அதனால் இந்தத் தடவை அப்பா ஒரு யோசனை கண்டுபிடித்தார். சமையற்காரர்கள் பெரிய அண்டாவுக்கு வைக்கிற வளைய பர்னர் ஒன்றை ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கி, அகலமான இரும்புச் சட்டிக்குள் பொருத்தி, மேலே கூழாங்கல் பரப்பினால் கேஸிலேயே தீ காயலாம் என்று. இன்று நீங்கள் கடையில் வாங்கப் போகிறீர்களே, அதையேதான் அவர் அன்று பென்சிலும் ஸ்கேலும் வைத்து ஒரு முழுத் தாளில் வரைந்தார். எந்த இடத்தில் துளை, எவ்வளவு இடைவெளி, காற்று எங்கே போக வேண்டும், எல்லாவற்றையும் அந்தச் சின்ன அழகான எழுத்தில் எழுதிவைத்தார். ஆரியசாலை பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சாறே, இது பாலத்துக்கு உள்ள பிளான் மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தது உனக்கு ஓர்மை இருக்கும். நீயும் கூடத்தான் நின்றாய். அவர் கையால் வரைந்த கடைசிப் படம் அது.

சட்டி தயார். சிலிண்டர் வேண்டும். வீட்டில் இருந்த பெரிய சிலிண்டரை பஸ்ஸில் ஏற்ற முடியாது. நான் வேலை பார்த்த ஏஜென்சியில் அப்போது அபூர்வமாகத்தான் சின்னச் சிலிண்டர் வரும். கோடவுனின் ஒரு மூலையில் நாலைந்து தனியாக நிறுத்தி வைத்திருந்தோம். அவற்றின் மேல் சாக்கட்டியில் பெருக்கல் குறி போட்டிருக்கும். வால்வு பழுதானவை, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவை. ரெகுலேட்டர் குமிழைத் திருப்பி மூடினாலும் உள்ளே முழுசாக அடையாமல் கழுத்தோரம் கசியும். அதில் ஒன்றை, ரொம்பக் குறைவாகக் கசிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை எடுத்து வந்தேன். முறைப்படி கேட்டால் மேனேஜர் தரமாட்டார். திருப்பி அனுப்புகிற சரக்கு, இரண்டு நாளில் கொண்டுபோய் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் புடவைத் தலைப்பால் அந்தக் குறியைத் துடைத்தேன். வீட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். இரண்டு குமிழி வந்தது. ரெகுலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தி மாட்டினேன், ஒன்றுதான் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். இதில் வெட்கம் என்னவென்றால், மாசத்துக்கு ஒரு தடவை மகளிர் சங்கங்களுக்குப் போய், கேஸை எப்படிக் கையாள வேண்டும் என்று வகுப்பு எடுத்தவள் நான். "ஒரு குமிழி வந்தாலும் உடனே ஏஜென்சிக்குச் சொல்லணும்" என்று அதற்கு முந்தின வாரம்தான் வலியசாலையில் நாற்பது பெண்களுக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் போனோம். சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. முற்றத்தில் காற்று வீசியதால், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பழைய உரக்குழி ஒன்று இடுப்பளவு ஆழத்தில் கிடந்ததே, அதற்குள் சட்டியையும் சிலிண்டரையும் இறக்கினார் அப்பா. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பள்ளத்தில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லுகிறதுதான். சொன்னால் சிலிண்டரைப் பற்றிய பேச்சு வரும் என்று சொல்லவில்லை. தீ நன்றாக எரிந்தது. கல்லெல்லாம் சிவந்தது. அரைமணி நேரம் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். அப்புறம் தூறல் விழுந்தது. அப்பா மரச்சீனிக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார், நான் பாயைச் சுருட்டினேன். போகிற போக்கில் உன்னிடம், "மக்களே, ரெகுலேட்டர மூடிட்டு வா" என்றேன். நீ குழிக்குள் இறங்கினாய். நான் வாசற்படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். நீ குமிழைத் திருப்பினாய். தீ அணைந்தது. நீ மறுபடியும் ஒரு தடவை அழுத்தித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்தாய். நான் கண்ணால் பார்த்தேன், மக்களே. இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

இருபது நிமிஷமோ, அதற்கு மேலோ உள்ளே இருந்தோம். சிலிண்டர் அந்தக் குழிக்குள் சத்தமில்லாமல் கசிந்துகொண்டே இருந்தது. தூறல் விட்டதும் அப்பா மறுபடியும் பற்றவைக்கப் போனார். அவருக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைத்திருந்தது, வாசம் தெரியவில்லை. குழிக்குள் குனிந்து தீக்குச்சியைக் கிழித்தார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, யாரோ கனத்த துணியை உதறினது மாதிரி இருந்தது. நான் ஓடி வந்தபோது அவர் குழியை விட்டு வெளியே விழுந்து கிடந்தார். புருவம் இல்லை. வலது கை முழங்கை வரைக்கும் வெந்து போயிருந்தது. முதலில் அவரைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். நான் திரும்பி உன்னைப் பார்த்து, "நீ மூடினியா?" என்று கேட்டேன்.

"மூடினேம்மா" என்றாய்.

"நல்லா மூடினியா?"

"மூடினேம்மா. தீ அணைஞ்சுதே."

எஸ்டேட் காவல்காரர் ஒருவர் ஓடி வந்து, கையைத் தண்ணீரில் நனைத்து, யாரையோ பிடித்து ஒரு ஜீப் கொண்டுவந்தார். வளைவுகளில் இறங்கும்போது முன் சீட்டிலிருந்து காவல்காரர் டிரைவரிடம், "குட்டி அடைக்காஞ்ஞதாயிரிக்கும்" என்றார். பிள்ளை மூடாமல் விட்டிருக்கும் என்று. இங்கே பள்ளிக்கூடத்தில் படித்ததில் உனக்கு அதற்குள் மலையாளம் எங்களைவிட நன்றாகத் தெரியும். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். உன் அப்பா என் மடியில் முனகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதுகிறேன், படித்துக்கொள். சிலிண்டரை எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும், போலீஸ் கேஸ் வரும், இவர் கையும் போய் என் வேலையும் போனால் என்ன செய்வது என்றுதான் தோன்றியது. பிள்ளை மறந்துவிட்டாள் என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குழந்தைதானே, நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, நானே என் வாயால், "மக ரெகுலேட்டர சரியா மூடல்ல போல" என்றேன். நீ திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள், உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அந்தச் சிலிண்டரைக் கோடவுனில் அதே மூலையில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு சாக்கட்டி எடுத்து, நான் அழித்த இடத்திலேயே மறுபடியும் குறியைப் போட்டேன். அடுத்த வாரம் லாரி வந்து அதை எடுத்துக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் பதினொரு வருஷம் அதே மேஜையில் இருந்தேன், ரிட்டயர் ஆகும்போது மாலை போட்டார்கள், பாதுகாப்பு வகுப்புகளைப் பற்றி மேனேஜர் பெருமையாகப் பேசினார்.

அப்பாவின் கையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஒட்டி இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, வரைகிற பேனாவைப் பிடிக்க முடியாது என்று ஆனதும் அவரை ஃபைல் பிரிவுக்கு மாற்றினார்கள். கரண்டியால் சாப்பிடப் பழகினார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது நீ மாறியதுதான். பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் அடுக்களையில் போய் ரெகுலேட்டரை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாய், தெருமுனை வரைக்கும் போய் மறுபடி திரும்பி வருவாய். நான் "எல்லாம் மூடியாச்சு, போ" என்று அதட்டுவேன். பத்தாம் வகுப்பில் அத்தனை மார்க் வாங்கிவிட்டு, நீ காமர்ஸ் எடுக்கிறேன் என்றாய். டீச்சர் வீட்டுக்கே வந்து, இவளை சயின்ஸில் போடுங்கள் என்று கெஞ்சினார். லேபில் பர்னர் இருக்கிறது, அதற்காகத்தான் வேண்டாம் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். "அவ இஷ்டம் போல படிக்கட்டும் டீச்சர்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பிவைத்தேன். கல்யாணத்தன்று மாமியார் வீட்டில் பால் காய்ச்சச் சொல்லித் தீப்பெட்டியை நீட்டினபோது, நீ அதை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாய். எல்லோரும் வெட்கம் என்று நினைத்தார்கள். நான் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். போன மாசம் மாப்பிள்ளை ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னார், கரன்ட் அடுப்பைக்கூட அணைத்ததும் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறாள் அத்தை என்று. அவருக்குக் காரணம் தெரியாது. நீ சொல்லியிருக்கமாட்டாய். அப்பா கையைக் கெடுத்தவள் நான் என்று எப்படிச் சொல்வாய்.

உங்கள் படங்கள் வந்த அன்றைக்கே ஃபோனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் "சரி விடும்மா" என்று நீ சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவேன். முதலில் அப்பாவிடம் சொல்லலாம் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாவது படத்தைக் காட்டி, "மக வாங்கப்போறா, எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. காத்து வர வழி சரியா விட்டிருக்கான்" என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பொன்முடிக்கு நான் கொண்டுவந்த சிலிண்டர் கெட்டதாக்கும்."

அவர் படத்தைக் கீழே வைத்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"எடுக்கும்போதே தெரியும். குறி போட்டிருந்துது. நான்தான் அழிச்சேன்."

பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார், சாப்பிட்டார், படுத்தார். மறுநாளும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பின்ன என்கிட்ட எதுக்குச் சொன்னே? என் கை போச்சு, போனது போச்சு. அவகிட்டல்லா முதல்ல சொல்லணும்."

அதனால் எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. எழுதினால் நீ பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பாரத்தையும் உன் தலையில் வைக்க எனக்கு மனசில்லை. பரவாயில்லை அம்மா என்று உடனே எழுதாதே. கோபம் வந்தால் கோபப்படு. சில மாசம் ஃபோன் பண்ணாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு, குழந்தையின் படத்தை மட்டும் மாப்பிள்ளையை அனுப்பச் சொல்லு. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அடுப்பை வாங்கினால் முதல் தடவை நீயே பற்றவை. மேடான, காற்றோட்டமான இடத்தில் வை, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுப் பற்றவை. அணைக்கும்போது சிலிண்டரின் தலையில் இருக்கிற குமிழை முதலில் மூடு. குழாயில் மிச்சம் இருப்பது எரிந்து தீ தானாக அடங்கும், பிறகு அடுப்பின் குமிழை மூடு. யாரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லாதே. உன் கைக்கு அது தெரியும். பன்னிரண்டு வயசிலேயே தெரிந்திருந்தது.

இன்று காலையில் இதை முழுக்க அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும், "ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். நான் தாள்களைத் திருப்பித் தேடினேன். "நீ விட்டதில்ல. நான் உன்கிட்டச் சொல்லாதது" என்றார்.

"நீ ஒரு நாள் அவள ஆஸ்பத்திரியில விட்டுட்டு எங்கேயோ போனேல்லா, அப்ப அவ கட்டில் பக்கத்துல வந்து நின்னா. 'அப்பா, நான் மூடினேன், நல்லாத் திருப்பித்தான் மூடினேன்'ன்னு சொன்னா. நான் கண்ணத் திறக்காமலே, 'சாரமில்ல மக்களே, பரவாயில்ல'ன்னு சொன்னேன்."

"சமாதானமாத்தானே சொன்னிய" என்றேன்.

"தப்புச் செய்தவங்ககிட்டதானே சாரமில்லன்னு சொல்லுவோம்" என்றார். "பரவாயில்ல, போட்டும்னு மன்னிச்சு விட்டேன். அவ மன்னிப்புக் கேக்கவா வந்தா? நான் நம்புகேன்னு ஒரு வார்த்தை கேக்க வந்தா. அப்புறம் அவ யார்கிட்டயும் மூடினேன்னு சொல்லவே இல்ல, பாத்துக்கோ. உன்னால மட்டும் இல்ல. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்கிறார், தன் கையாலேயே எழுத வேண்டுமாம். பேனாவை அந்த விரல்களுக்கு நடுவில் வைத்து நூலால் கட்டிக்கொண்டிருக்கிறார், நான் உதவிக்குப் போனால் வேண்டாம் என்கிறார். எழுத்து கோணலாக இருக்கும், நிதானமாகப் படி.

அம்மா

நீ மூடினாய்.

அப்பா